முதலையின் காது

லிஃப்ட் பொறியாளருக்குத் தம் சகலையின் மீது பொறாமை இருந்தது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது மரியாதையாகாது. அவரைக் கேட்டால், “சேச்சே, அவர் தங்கமான மனுஷர்” என்றுதான் சொல்வார். சொல்லி முடிக்கும்போது கீழ்த்தாடை மட்டும் சற்று இறுகியிருக்கும். அந்தத் தாடையைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் உலகில் இருவர்தாம். ஒருவர் அவருடைய மனைவி. மற்றவர் அந்தச் சகலையே. ஏனெனில் அவர் பல் மருத்துவர்.

அக்காளையும் தங்கையையும் மணந்துகொண்ட இவ்விருவருக்கும் பொழுதுபோக்கு ஒன்றாகவே வாய்த்திருந்தது. ஹாம் ரேடியோ, அதாவது, தேர்வெழுதி உரிமம் பெற்று, தமக்கென்று ஓர் அழைப்புக்குறியை வைத்துக்கொண்டு, முகமறியாத மனிதர்களோடு காற்றில் பேசி மகிழ்வது. இதில் உரிமத்தை முதலில் வாங்கியவர் பொறியாளர்தான். குடும்பத்தில் எந்தப் பேச்சு நடந்தாலும் அதன் நடுவே இந்த உண்மையைப் பதமாக நுழைத்துவிடும் சாமர்த்தியம் அவருக்கு இருந்தது. பல் மருத்துவர் சில ஆண்டுகள் கழித்து, அவரைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர். பின்னால் வந்தவர் பின்னாலேயே அடக்கமாக நின்றிருக்கலாம், நிற்கவில்லை. பொறியாளர் ஊருக்குள் பேசுவதோடு நிறைவடைந்திருக்க, மருத்துவர் தம் காரில் ஒரு பழைய ரேடியோவைப் பொருத்திக்கொண்டு, தலைக்கு மேலே போகும் செயற்கைக்கோளுக்குக் குரலை அனுப்பி, அது திருப்பி அனுப்புவதைக் கொண்டு கடல் கடந்தவர்களோடெல்லாம் பேசத் தொடங்கிவிட்டார்.

அதைக்கூடப் பொறியாளர் பொறுத்துக்கொண்டிருப்பார். தம் ஒரே மகள் அதைக் கேட்டுவிட்டு வந்து குதித்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

“அப்பா! சித்தப்பா இங்க பேசுறார், அது மேல போய், அவர் பேசிட்டு இருக்கும்போதே அவர் குரல் திரும்பி வருதுப்பா! உடம்பே சிலிர்த்துப் போச்சு.”

“உனக்கு ரேடியோன்னா என்னன்னு காட்டினதே நான்தானே?”

“நீங்க காட்டினது பக்கத்துத் தெருப்பா. இது வானம்.”

பக்கத்துத் தெரு. அந்தச் சொல் இரண்டு நாட்கள் அவருடைய சாப்பாட்டில் கல்லாகக் கடிபட்டது.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகளும் தேர்வெழுதினாள், தேறினாள், அவளுக்கும் ஓர் அழைப்புக்குறி வந்தது. ஹாம்களுக்கு முதல் தொடர்பு என்பது சாதாரணமானதன்று. முதன்முதலில் யாரோடு பேசினாய் என்று வாழ்நாள் முழுதும் கேட்பார்கள். இவர் அழைக்க, அவர் பதில் சொல்ல, இருவரும் ஒருவர் குறியை ஒருவர் சரியாகக் கேட்டுத் திருப்பிச் சொன்னால்தான் அது தொடர்பு. ஒருவர் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் தொடர்பன்று. மகள் தன் முதல் தொடர்பு செயற்கைக்கோள் வழியாகவே இருக்க வேண்டும் என்று அறிவித்துவிட்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஊர் ஹாம் மன்றத்தினர் அனைவரும் நீர்த்தேக்கத்தின் கரையில் கூடுகிறார்கள். அன்றுதான்.

“யார் வண்டியிலேருந்து பேசப் போற?” என்று பொறியாளர், செய்தித்தாளைப் புரட்டியவாறே, மிகச் சாதாரணமாகக் கேட்டார்.

“எந்த ரேடியோ நல்லா இருக்கோ அந்த வண்டி” என்றாள் மகள், அதைவிடச் சாதாரணமாக.

பொறியாளரின் காரில் இருந்த ரேடியோ ஒரே ஓர் அலைவரிசை மட்டும் உள்ளது. செயற்கைக்கோளுக்கு இரண்டு வேண்டும்: ஒன்றில் பேச, மற்றொன்றில் கேட்க. ஆகவே புதிய ரேடியோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அன்று மாலையே, மூக்கில் வியர்த்ததுபோல, சகலையிடமிருந்து கைபேசி அழைப்பு வந்தது.

“அண்ணா, ரேடியோ பாக்குறீங்களாமே? அண்ணி சொன்னாங்க. சந்தோஷம். ஒண்ணே ஒண்ணு மட்டும் கவனிச்சு வாங்குங்க. பேசும்போதே கேக்கணும். அது இல்லாத செட்டு எவ்வளவு அழகா இருந்தாலும் தொடாதீங்க. எங்கிட்ட இருக்கிற மாடலே ஒண்ணு பழசா கடையில இருக்கு. சொல்லி வைக்கட்டுமா?”

“பரவாயில்லை, நானே பாத்துக்கிறேன்” என்றார் பொறியாளர். அவருடைய தாடை இறுகிற்று.

கைபேசியை வைத்ததும் மனைவியிடம் திரும்பினார். “பாத்தியா? தான் மட்டும் உயரத்துல இருக்கணும், நான் அவர் கழிச்சுப் போட்ட மாடலைத் தூக்கிக்கிட்டு பின்னாடியே போகணும். என்ன ஒரு நல்ல மனசு!”

“ஏங்க, உங்களுக்கு ரேடியோ வேணுமா, இல்ல என் தங்கச்சி வீட்டுக்காரரை ஜெயிக்கணுமா? முதல்ல அதைச் சொல்லுங்க. ரெண்டும் ஒரே கடையில கிடைக்காது.”

மறுநாள் அலுவலகம் முடிந்ததும் அவர் கடைக்குப் போனார்.

மின்னணுப் பொருட்கள் விற்கும் ஒடுங்கிய தெரு அது. கம்பிச் சுருள்களும் மின்விசிறிகளும் தொங்கும் கடைகளுக்கு நடுவே, ரேடியோ விற்கும் கடை ஒன்றே ஒன்று. கடைக்காரர் இரண்டு கருவிகளை எடுத்து வைத்தார். ஒன்று, மங்கிய மஞ்சள் திரையும் தேய்ந்த பொத்தான்களுமாக, பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறலோடு இருந்தது. மற்றொன்று புத்தம் புதிது, கையகலத்துக்கு வண்ணத் திரை, தொட்டால் ஒளிர்ந்தது, வண்டி எங்கே போகிறது என்பதைக்கூட வரைபடத்தில் காட்டிற்று.

“இந்தப் பழசு இப்ப தயாரிக்கிறதே இல்லை சார். ஆனா கெட்டி. பல் டாக்டர் சார் வெச்சிருக்காரே, அதே மாடல்” என்றார் கடைக்காரர், அது ஒரு சிபாரிசு என்று எண்ணிக்கொண்டு.

பொறியாளர் அந்தப் பழைய கருவியை ஒரு விரலால் மெல்லத் தள்ளி வைத்தார். “புதுசைக் காட்டுங்க. அவரோடதைவிட இதுக்கு பவர் ஜாஸ்தியா?”

“இரண்டு மடங்குக்கும் மேல சார்.”

“திரை?”

“அவருக்கு ஏது சார் திரை? அது கால்குலேட்டர் மாதிரி இருக்கும்.”

கடைக்காரரின் இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரைக் கட்டித் தழுவிக்கொள்ளலாம் போலிருந்தது. என்றாலும் சகலை சொன்ன விஷயம் ஓரத்தில் உறுத்திற்று. செயற்கைக்கோள் என்ற சொல்லை வாயால் சொன்னால், கடைக்காரர் மறுபடியும் அந்தக் கீறல் விழுந்த பெட்டியைத்தான் முன்னே தள்ளுவார். ஆகவே சுற்றி வளைத்துக் கேட்டார்: “ரெண்டு அலைவரிசையும் ஒரே நேரத்துல வருமா?”

“ஒரே நேரத்துல சார். இதோ பாருங்க.” கடைக்காரர் திரையைத் தொட்டார். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு எண்கள் நீலத்திலும் பச்சையிலும் பளிச்சிட்டன.

இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுவது வேறு, ஒன்றில் பேசும்போது மற்றொன்றில் கேட்பது வேறு. பொறியாளருக்கு இது தெரியாததன்று. தெரிந்துகொள்ள அந்த வேளையில் அவர் விரும்பவில்லை. பெட்டியைக் கட்டச் சொன்னார்.

மறுநாளே ரேடியோ காரில் ஏறிற்று. மகள் முன்னிருக்கையில் வந்து அமர்ந்து வாயைப் பிளந்தாள். “அப்பா, செமையா இருக்கு! விமானம் ஓட்டுற மாதிரி இருக்கு!”

அப்பாவின் நெஞ்சு நிமிர்ந்தது. “சித்தப்பாவோடது?”

“அது மிக்ஸி மாதிரி இருக்கும்.”

அந்த ஒரு நொடிதான் அந்த வாரத்திலேயே அவர் நிம்மதியாக மூச்சு விட்ட நொடி. அடுத்து மகள் மைக்கை எடுத்து அழுத்தினாள். கீழ் அலைவரிசையிலிருந்து வந்துகொண்டிருந்த இரைச்சல் சட்டென்று செத்தது. விட்டாள், உயிர் வந்தது. மறுபடி அழுத்தினாள், மறுபடி செத்தது.

“அப்பா... பேசும்போது கேக்க மாட்டேங்குதே.”

“புதுசுல்ல? பழகணும்.”

“பழகினா காது முளைக்குமா?” மகள் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “நம்ம குரல் திரும்பி வந்தாத்தான்ப்பா நாம மேல போய்ச் சேந்தோமான்னு தெரியும். வேற யாராவது பேசிட்டு இருக்காங்களான்னும் தெரியும். நான் முதல் தடவை பேசுறேன்... ஞாயித்துக்கிழமை மட்டும் சித்தப்பா வண்டில போறேனே. கோவிச்சுக்காதீங்க.”

“எனக்கென்ன கோவம்? தாராளமா போ. எனக்கும் அன்னைக்கு வேலை இருக்கு.”

அவள் இறங்கிப் போனபின், அவர் ரேடியோவை வெறித்தபடி அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார். மைக்கை அழுத்தும்போதெல்லாம் அது சாவது காதில் அறைந்தாற்போலிருந்தது. இரைச்சலை அடக்கும் குமிழ் ஒன்று உண்டு. வலுவான குரல் வந்தால் மட்டும் திறக்கும்படி செய்துவிடலாம். அதை வலப்பக்கமாக நன்றாகத் திருகிவிட்டார். இப்போது ரேடியோ எப்போதும் அமைதியாக இருந்தது. எதுவும் சாகாததால் எதுவும் குறைவாகத் தெரியவில்லை.

அன்றுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. மகள் யார் வண்டியில் வேண்டுமானாலும் உட்காரட்டும். அந்த முனையில் பதில் சொல்லும் குரல் தம்முடையதாக இருந்துவிட்டால்? சகலை வெறும் வண்டிக்காரராகிவிடுவார். உன் முதல் தொடர்பு யார் என்று எவர் கேட்டாலும், அவள் ஆயுள் முழுதும், ‘எங்க அப்பா’ என்றல்லவா சொல்லியாக வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு உண்மையிலேயே வேலை இருந்தது. நகரத்தின் மையத்தில் உள்ள அடுக்குமாடி வாகன நிறுத்தகத்தின் லிஃப்டைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். அதைச் சீக்கிரமாகவே முடித்துக்கொண்டு, காரை மொட்டை மாடித் தளத்துக்கு ஏற்றினார். வெயில் காய்ந்துகொண்டிருந்த வெறும் சிமென்ட் தரை; சுற்றிலும் வானம்; கூரைமேல் ஆன்டெனா. மனத்துக்குள் ஒரு திருடனின் குதூகலம்.

செயற்கைக்கோள் எழும் நேரம் வந்தது. ரேடியோவில் சத்தமே இல்லை. யாரும் இன்னும் வரவில்லை போலும் என்று மகிழ்ந்து, அவர் மைக்கை எடுத்து, மகளின் அழைப்புக்குறியை எழுத்தெழுத்தாகச் சொல்லி, தம்முடையதையும் சொல்லி, அழைத்தார். விட்டுவிட்டுக் கேட்டார். அமைதி. மறுபடி அழைத்தார். அமைதி. தம் குரல் மேலே போய்ச் சேரவில்லையோ என்று ஐயுற்று, பவரை உச்சத்துக்கு ஏற்றி, இன்னும் நிறுத்தி நிதானமாக அழைத்தார். பக்கத்து இருக்கையில் கைபேசி அதிர்ந்தது. திரையில் ‘சகலை’ என்று தெரிந்தது. மகள் வெற்றிகரமாகப் பேசிவிட்டாள் என்று பெருமையடித்துக்கொள்ளத்தான் கூப்பிடுகிறார்! கைபேசியைக் குப்புறக் கவிழ்த்தார். அது மறுபடி அதிர்ந்தது. அவர் மறுபடி மகளை அழைத்தார். கோள் அடிவானத்தில் இறங்கும்வரை, நெற்றி வியர்வை மைக்கில் சொட்டச் சொட்ட அழைத்துக்கொண்டே இருந்தார். அந்த விலையுயர்ந்த கருவி தன் வண்ணத் திரையில் எல்லாவற்றையும் காட்டிற்று. எதையும் சொல்லவில்லை.

கடைசியில் கைபேசியை எடுத்தார்.

“அண்ணா, முடிஞ்சுதா?” என்றது பல் மருத்துவரின் குரல்.

“எது?”

“கோள் இறங்கிடுச்சு. இனிமே நீங்க எவ்வளவு பேசினாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அதான் கேட்டேன்.”

“என்ன சொல்றீங்க?”

“உங்க பொண்ணு உங்களுக்குப் பதில் சொல்லிட்டே இருந்தாண்ணா. முதல் தடவை நீங்க கூப்பிட்டதுமே சொல்லிட்டா. நீங்க அவ பேசுறதுக்கு மேலேயே திரும்பக் கூப்பிட்டீங்க. மறுபடி சொன்னா. மறுபடி மேலேயே. அந்தக் கோள்ல ஒரு நேரத்துல ஒரு குரல்தான் ஏறும். உங்க பவருக்கு முன்னாடி நாங்க எம்மாத்திரம்? ஆன்டெனாவைக் கையில பிடிச்சுக்கிட்டு அவ கத்தாத கத்தலில்லை.”

மருத்துவருக்குப் பின்னால் மன்றத்தாரின் சிரிப்பொலி கேட்டது. யாரோ உரக்க, “முதலை போயிடுச்சா டாக்டர்?” என்று கேட்டார்கள்.

பொறியாளருக்கு அந்தச் சொல் தெரியும். வாய் மட்டும் பெரிதாக இருந்து, காது இருப்பதே தெரியாமல் அலைவரிசையை அடைத்துக்கொள்ளும் நிலையத்துக்கு ஹாம்கள் வைத்த பெயர் அது. அவரே எத்தனையோ பேரை அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

“அதெல்லாம் காதுல போட்டுக்காதீங்க. எனக்கு முதலைன்னா பிடிக்கும். அவ்வளவு பல்லு!” என்றார் மருத்துவர்.

அந்த நகைச்சுவைகூட நன்றாக இருந்தது என்பதுதான் பொறியாளருக்கு மேலும் வயிற்றெரிச்சலைத் தந்தது. கைபேசி மகளிடம் கைமாறிற்று.

“அப்பா.” அவள் அழவில்லை, கத்திக் கத்தித் தொண்டை மட்டும் கட்டியிருந்தது. “ஏன்ப்பா நீங்க கேக்கவே மாட்டேங்குறீங்க?”

ரேடியோவைத்தான் சொல்கிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை.

“நீதான் என் முதல்... நான்தான் உன் முதல் தொடர்பா இருக்கணும்னு...” அவருக்கு வாய் குழறிற்று.

“முதல்தான் வேணும்னு பாத்தீங்க. முதலை ஆயிட்டீங்க” என்றாள் அவள். ஒரு கணம் கழித்து, தன் சொல்லுக்குத் தானே லேசாகச் சிரித்துவிட்டாள். “இன்னொரு சுத்து இருக்கு. கொஞ்ச நேரத்துல மேற்குப் பக்கமா வருது. சித்தப்பா என்னமோ சொல்லணுமாம்.”

“அண்ணா, ஒண்ணும் பெரிசில்லை. இரைச்சல் குமிழை இடது பக்கம் முழுசா திருப்பிடுங்க. இரைச்சல் காதைப் பிளக்கும், பிளக்கட்டும். கோளோட குரல் அந்த இரைச்சலுக்குள்ளதான் வரும். அவ கூப்பிடுற வரைக்கும் மைக்கைத் தொடாதீங்க.”

பெற்ற மகளோடு பேசுவதற்கு இந்த மனிதரிடம் வழி கேட்க வேண்டியதாயிற்றே! காரைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று சாவிமேல் கைவைத்தார். போயிருந்தால் தன்மானம் பிழைத்திருக்கும். ஆனால் மகளின் கட்டிப்போன தொண்டை அவர் காதிலேயே நின்றது. சாவியிலிருந்து கையை எடுத்து, குமிழை இடப்பக்கம் திருப்பினார். மூட்டை அரிசியைக் கொட்டியதுபோல் இரைச்சல் காரை நிரப்பிற்று.

மைக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் காத்திருந்தார். கொக்கியில் மாட்டாவிட்டால் தம் விரலை நம்ப முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இரைச்சல் மெல்ல இளகிற்று. அதன் அடியிலிருந்து, தேய்ந்தும் நடுங்கியும், மகளின் குரல் எழுந்து வந்தது. தன் குறியைச் சொல்லி, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டாள். அவளுடைய குரலை அவள் பிறந்த நாள் தொட்டு அவர் கேட்டு வருகிறார். ஆயினும் அது அத்தனை தொலைவு ஏறி இறங்கி வந்து கேட்கும் என்று எண்ணியதில்லை. கை தானாக மைக்குக்குப் போயிற்று. இப்போது அழுத்தினால் தாம்தான் முதல் தொடர்பு. பவர் இருக்கிறது. வேறு எவர் வந்தாலும் நசுக்கிவிடலாம்.

அதற்குள் மற்றொரு குரல் வந்துவிட்டது. ஏதோ தீவிலிருந்து வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர், மகளின் குறியைத் திருப்பிச் சொல்லி, தம் குறியையும் தந்து, தெளிவாகக் கேட்கிறது என்று வாழ்த்தினார். பொறியாளரின் கட்டைவிரல் பொத்தானின்மேல் இருந்தது. அந்த அம்மையாரை அவர் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை, இருந்தாலும் அந்த நொடியில் அவர்மீது கொண்ட பொறாமை, சகலைமீது பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்ததையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. விரலை எடுத்தார். மகள் பதில் சொல்லி முடிக்கும்வரை, அந்த விரலை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

முடிந்தது. அவளுக்கு முதல் தொடர்பு கிடைத்துவிட்டது. அது அவரில்லை.

பிறகு அவருடைய குறி கேட்டது. “அப்பா, இருக்கீங்களா?”

அவர் அழுத்தினார். அழுத்தியதும் இரைச்சல் செத்தது. தம் குரல் மேலே போகிறதா என்று அறிய வழியில்லை. ஆகவே சுருக்கமாக, அவள் குறியையும் தம் குறியையும் மட்டும் சொல்லிவிட்டு உடனே விட்டார்.

“கேக்குதுப்பா! நல்லா கேக்குது! என் குரல் உங்களுக்குக் கேக்குதா?”

“கேக்குது” என்றார். விட்டார். பிறகு, தேவையில்லாமல், இன்னொரு முறை அழுத்தி, “கேக்குதும்மா” என்றார்.

அடுத்த சொல் வருமுன் கோள் மேற்கே சரிந்தது. அவள் குரல் இரைச்சலுக்குள் மூழ்கிற்று. அவர் குமிழைத் திருகவில்லை. வீடுவரைக்கும் அந்த இரைச்சலோடேயே ஓட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை மாலை அவர் மறுபடியும் அந்த ஒடுங்கிய தெருவுக்குப் போனார். கடைக்காரரின் முன்னால் புதிய பெட்டியை வைத்து, தரையைப் பார்த்தவாறே, “அந்தப் பழசு இருக்கா? அந்த... டாக்டர் வெச்சிருக்கிற மாடல்” என்றார்.

“இருக்கு சார். ஆனா எடுத்து வெச்சிருக்கு.”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான். பல் டாக்டர் சார் போன வாரமே வந்து, ‘எங்க அண்ணா இன்னொரு தடவை வருவார், அதுவரைக்கும் யாருக்கும் குடுத்துடாதீங்க’ன்னு சொல்லிட்டுப் போனார்.”

போன வாரமே! பொறியாளரின் தாடை இறுகிற்று. கடையை விட்டு வெளியேற இரண்டடி எடுத்தும் வைத்தார். ஆனால் அடுத்த ஞாயிறும் கோள் வரும். மகள் இந்த முறை தம் பக்கத்து இருக்கையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்தார். அந்த மங்கிய பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணு கேக்கிறேன், தப்பா நினைக்காதீங்க” என்றார் குரலைத் தாழ்த்தி. “அவர் செட்டுல இல்லாதது ஏதாவது இதுல இருக்கா?”

கடைக்காரர் நேர்மையானவர். நெடுநேரம் யோசித்தார்.

“ஒரு கீறல் இருக்கு சார்.”

“அது போதும்” என்று சொல்லி, பொறியாளர் அதைக் கட்டச் சொன்னார்.